காரணம் எழுதாத கட்டம்

நவம்பர் 14, வியாழன்.
தவறு: ரக்ஷா அக்காவுக்கு இமை முடி ஒட்டும்போது என் கண்ணிலிருந்து ஒரு சொட்டு அவர் இமைமேல் விழுந்துவிட்டது. ஈரம் பட்ட இடத்தில் பசை வெள்ளை பூத்துவிட்டது. நான்கு முடிகளை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினேன்.
காரணம்:

அந்தக் கட்டத்தை மட்டும் சங்கரி நிரப்பவில்லை.

அழகுக்கலை மாலை வகுப்பில் தினமும் இப்படி எழுதிக் காட்ட வேண்டும். தவறு, காரணம், நாளை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மூன்று மாதமாக ஒரு நாள் விடாமல் எழுதிவந்தாள். காலியாக விட்டது இதுதான் முதல் தடவை.

காரணம் அவளுக்குத் தெரியும். பசை.

பகலில் அவள் வேலை பார்க்கும் பார்லரில், முடி பறந்துவிடும் என்று ஃபேன் போடுவதில்லை. படுத்திருப்பவர் கண்ணை மூடிக்கொள்ளலாம். சங்கரி மூட முடியாது. ஒரு சாண் உயரத்தில் குனிந்து, இமை முடியை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு செயற்கை முடியை வைத்து, இரண்டு மணி நேரம். பசையின் நெடி நேராக அவள் கண்ணுக்குத்தான் ஏறும். தீபாவளிக்கு முன்பிருந்தே, காலையில் எழுந்தால் கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டது போல் இருக்கிறது.

வகுப்பில் வாங்கச் சொன்ன காப்புக் கண்ணாடி அவள் பைக்குள் இருந்தது. பார்லர் நடத்தும் கமலாட்சி அதைப் போட விட்டதில்லை.

"நீயே கண்ணாடிய மாட்டிக்கினு, எரியுதுன்னு தொடச்சிக்கினு நின்னா, எவம்மா நம்மள நம்பி வந்து படுப்பா?"

வியாழக்கிழமை சொட்டு விழுந்ததும், ரக்ஷா மூடிய கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"சங்கரி, அழறியா?"

திரைக்கு அந்தப் பக்கம் கமலாட்சியின் நாற்காலி கிறீச்சிட்டது.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லக்கா."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் அம்மாவுக்குக் கல்லுக்குண்டு மாதிரி உடம்பு. அந்த நேரத்தில் வீட்டில் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரியோடு தண்ணீர்க் குழாய்ச் சண்டையை மூன்றாவது நாளாகத் தொடர்ந்துகொண்டிருப்பாள்.

ரக்ஷா கையால் துழாவி சங்கரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா பேரு, நட்சத்திரம் சொல்லு. சாயந்திரம் தாயார் சன்னதிக்குப் போறேன்."

அதற்கு மட்டும் பொய் சொல்ல வரவில்லை. அம்சவேணி, ரேவதி நட்சத்திரம்.

மறுநாள் காலை அம்மா ஒரு தும்மல் போட்டாள். சங்கரி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

"இன்னாடி, பேய பாக்கற மாதிரி பாக்கற?"

அன்று மதியம் ரக்ஷா பார்லருக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் முகூர்த்தம். இரண்டு கையிலும் மருதாணி. முகத்தில் பெரிய கூலிங்கிளாஸ். மந்தாரை இலையில் மடித்த கோயில் இட்லித் துண்டையும் ஒரு குங்குமப் பொட்டலத்தையும் நீட்டினாள்.

"சுக்கு, மிளகு எல்லாம் போட்டது. அம்மாவுக்குக் குடு, வாய்க்கு நன்னா இருக்கும்."

சங்கரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பார்க்காமல் இருந்திருக்கலாம். ரக்ஷா சிரித்துக்கொண்டே கூலிங்கிளாஸைக் கழற்றினாள்.

இரண்டு இமைகளும் தடித்துச் சிவந்திருந்தன. வீக்கம் சரியாக, சங்கரி முடி ஒட்டிய கோட்டிலிருந்து தொடங்கியிருந்தது.

"உங்கம்மா பேரை அர்ச்சகர் சொன்னதும் எனக்கும் அழுகை வந்துடுத்து. அழுதா எனக்குக் கண்ணு வீங்கிடும். நாளன்னிக்குள்ள வத்திடும் இல்ல?"

கமலாட்சி கல்லாவிலிருந்து சங்கரியைப் பார்த்தாள்.

"வத்திடும்க்கா," என்றாள் சங்கரி.

மாலை வகுப்பில் அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பிரசாதம் பைக்குள், போடாத கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தது. அதை அம்மாவிடம் கொடுக்கவும் முடியாது, எறியவும் முடியாது.

ரக்ஷாவைக் கூப்பிடப் போனை இரண்டு தடவை எடுத்தாள். இரண்டு தடவையும் மணி அடிக்கும் முன்பே துண்டித்தாள்.

பிறகு நோட்டைத் திறந்து, வியாழக்கிழமையின் காலிக் கட்டத்தில் எழுதினாள்: பசை.

கீழே ஸ்கேல் வைத்துப் புதிய கோடு போட்டாள். எரிகிற கண்ணுக்கு அது இரண்டு கோடாகத் தெரிந்தது. இருந்தும் எழுதினாள்.

நவம்பர் 15, வெள்ளி.
தவறு: வத்திடும் என்று சொன்னேன்.
காரணம்: வேலை போய்விடும் என்ற பயம்.
நாளை: காலை ஆறரை மணிக்கு ரக்ஷா அக்கா வீடு. அம்மா நன்றாக இருக்கிறார், பசைதான் என்று சொல்வது. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது. சீட்டு இரண்டு வாங்குவது. ஒன்று ரக்ஷா பேரில், ஒன்று சங்கரி பேரில்.