காலையில் இரண்டு கரண்டி

"வேற மாத்திரை, மருந்து ஏதாவது எடுக்கறீங்களா?"

நர்ஸ் படிவத்திலிருந்து தலை தூக்காமல் கேட்டாள்.

"ஒண்ணும் கிடையாது சிஸ்டர். தலைவலிக்குக்கூட மாத்திரை போட மாட்டேன்" என்றாள் பரிமளா. அதில் அவளுக்குப் பெருமை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி நர்ஸின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிமளா அவள் கணவனின் தங்கை. அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுக்க வந்திருக்கிறாள்.

வாரத்துக்கு மூன்று நாள் அவனை டயாலிசிஸுக்குக் கூட்டிவந்து கூட்டிவந்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அழக்கூடத் தெம்பில்லை. அவளுடைய ரத்த வகை அவனுக்குச் சேரவில்லை. சொந்தக்காரர்களைக் கேட்டபோது எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. கேட்காமலே வந்தவள் பரிமளா ஒருத்திதான்.

ஆனால் தினமும் காலையில் கரைத்துக் குடிக்கும் பவுடரைப் பற்றிப் பரிமளா வாயே திறக்கவில்லை. காலை ஆகாரத்தை யாராவது மருந்துக் கணக்கில் சொல்வார்களா?

உடம்பு இளைக்க, சத்துப் பிடிக்க என்று அண்ணி விற்ற பவுடர். முதலில் வீட்டுக்குள் விற்றுவிட்டுப் பிறகு தெருவுக்குப் போ என்பது கம்பெனிக் கூட்டத்தில் நடத்திய பாடம். சமர்த்தாகக் கேட்டுக்கொண்டாள். கணவன் தலையில் ஒரு டப்பா, நாத்தனார் தலையில் ஒரு டப்பா.

"அவர் கிட்னி போனது அந்தப் பவுடரால இருக்கும். ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்று டாக்டர் கேட்டது போன வாரம்தான்.

நர்ஸ் 'இல்லை' என்று எழுதினாள்.

பேசாமல் இருந்துவிடலாம். சோதனையில் தெரியலாம், தெரியாமலும் போகலாம். தெரியாமல் போனால் அவன் பிழைத்துக்கொள்வான்.

மிச்சமிருக்கும் ஒரு சிறுநீரகமும் கெட்டுப்போனால் பரிமளா?

"அத அடிச்சிடுங்க சிஸ்டர்."

குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"ரெண்டு வருஷமா பவுடர் குடிக்கிறா. காலைல ரெண்டு கரண்டி. நான்தான் குடுத்தேன். அவருக்கும் அதாலதான் இப்படி ஆச்சு."

பரிமளா திட்டுவாள் என்று காத்திருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பரிமளா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப உங்களுக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துரலாம் அண்ணி. நீங்களுந்தான குடிச்சீங்க?"

அவள் ஒரு நாள்கூடக் குடித்ததில்லை.

அந்த வாடை அவளுக்கு ஆகாது.