கைப்பம்பு

முதுகில் கட்டும் காற்றுச் சிலிண்டர் வராத காலம். அண்ணன் பித்தளைத் தலைக்கவசத்தோடு கடலுக்குள் இறங்குவான். தம்பி படகில் கைப்பம்பைச் சுற்றி அவனுக்குக் காற்று அனுப்புவான். ஒரு நாள் தம்பி சிகரெட் பிடிக்கக் கையை எடுத்தான். அண்ணன் பிணமாக மேலே வந்தான். குழாய் கிழிந்துவிட்டது என்று தம்பி சத்தியம் செய்தான். யாரும் குழாயைப் பார்க்கவில்லை.

இப்போது அதே பம்பு, குழாய், தலைக்கவசம் எல்லாம் அருங்காட்சியகத்தில். காவலுக்கும் அவன்தான். தலைக்கவசத்தின் கண்ணாடி தினமும் உட்புறம் ஆவி படிந்து மங்கும். பம்பைச் சுற்றினால் தெளியும்.

இன்று அண்ணி வந்தாள். அவன் பம்பைச் சுற்றிக்கொண்டிருந்தான். குழாயை முனைக்கு முனை தடவிப் பார்த்தாள்.

"எங்கேயும் ஒட்டுக்கூட இல்லையே, தம்பி."

அவன் கை நின்றது. கண்ணாடி மங்கியது.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சுத்து."