ஆளுக்கொரு குக்கர்

“‘குடிச்சிட்டு வந்து வெந்நிச் சட்டியைக் கையில கவுத்துட்டாரும்மா. பாவம், அது அழக்கூட இல்ல.’ இதை நான் சொல்லல. உன் பொண்டாட்டிகூட வேலை பாக்குற வடிவு சொன்னது. ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல. இப்ப நீ சொல்லு, நீயெல்லாம் மனுஷனா?”

ஜாம் ஆலையின் கேட்டருகே நல்லசாமியை மறித்து நின்றாள் சண்முகசுந்தரி, ஆலை முதலாளியின் மனைவி.

நல்லசாமி கக்கத்தில் காலிச் சாக்குகளோடு நின்றான். எதிரே, அங்கே பழம் கிண்டும் அவன் மனைவி பிச்சையம்மாள். வலது கையில் விரல் நுனிவரை வெள்ளைக் கட்டு. அதை அப்போதுதான் பார்க்கிறவனைப் போல அவன் முகம் வெளிறியது.

என்ன நடிப்பு என்று சுந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏ புள்ள, எப்படி...” என்று ஆரம்பித்தவனைப் பிச்சையம்மாள் ஒரு பார்வை பார்த்தாள்.

“அதான் அம்மா கேக்குறாங்கல்ல. தப்புன்னு சொல்லிட்டு வெரசா வீட்டுக்குப் போங்க.”

அவன் அவளைப் பார்த்தான். கட்டைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

“தப்புதாங்கம்மா.”

சுந்தரி அதோடு விடுகிற ஆளா? அதே வெந்நீரை உன் தலையில் ஊற்றினால் தெரியும் என்றாள். இன்னொரு தடவை கை நீண்டால் மகளிர் போலீஸில் கொண்டுபோய் உட்கார வைப்பேன் என்றாள். தமிழ் போதாமல் கான்வென்ட் இங்கிலீஷிலும் கொஞ்சம் கொடுத்தாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அவன் மேட்டுப் பாதையில் ஏறிப் போனான்.

அவளுக்கு ஒன்றுதான் ஆறவில்லை. மற்ற நாளில் புருஷன்மாரைத் திட்ட எவளாவது ஆரம்பித்தால் போதும், இந்தப் பெண்கள் ஆளுக்கொரு வார்த்தை எடுத்துக் கொடுப்பார்கள். இன்று ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

இவர்களுக்காகவா இத்தனை பாடுபட்டாள்? ஆலையின் பாதுகாப்பைத் தானே கையில் எடுத்துக்கொண்டவள் அவள். திங்கள்தோறும் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, கான்வென்டில் சிஸ்டர்கள் பார்த்ததைப் போலவே நகம் பார்ப்பாள். தலையில் வலை மாட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பாள். பச்சைப் பலகை எழுதி மாட்டியதும் அவள்தான்: ‘விபத்தில்லா ஆலை. பொங்கல் வரை ஒரு விபத்தும் நடக்காவிட்டால் ஆளுக்கொரு குக்கர். ஒருவருக்கு அடிபட்டாலும் யாருக்கும் கிடையாது.’

கொடைக்கானல் குளிரில் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு லேசில் வேகாது. பலகை மாட்டிய நாளிலிருந்து ஒரு கீறல்கூட அவள் காதுக்கு வரவில்லை. மேனேஜரால் முடியாததை நான் முடித்துக் காட்டினேன் என்று கணவரிடம் பீற்றிக்கொண்டும் இருந்தாள்.

வேனிலிருந்து சர்க்கரை மூட்டை இறக்கிவிட்டு டிரைவர் ஜெயமுருகன் வந்தான்.

“நல்லசாமிய ஏம்மா அந்தப் போடு போட்டீங்க?”

“நேத்து பொண்டாட்டி கையைச் சுட்டவனை மடியில வச்சுக் கொஞ்சணுமா?”

“நேத்தா? நேத்து அவன் மலையிலயே இல்லைங்களே. பூண்டு விக்கப் போனவன், வெல படியாம வடுகபட்டிச் சந்தையில மூட்டையோட கெடந்தான். காலையில ஒருவழியா வித்ததும் நம்ம வேன்ல ஏத்திட்டு வந்து இப்பத்தான் எறக்கிவிட்டேன். அதுவுமில்லாம, அவன் டீயைத் தவிர எதையும் குடிக்க மாட்டானே.”

சுந்தரி நேரே பழம் கிண்டும் கொப்பரைக் கூடத்துக்குப் போனாள்.

பிச்சையம்மாள் இடக்கையால் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முழங்கையை ஒட்டிப் போகிற நீராவிக் குழாயின் மூட்டில் சேலைத்துணி சுற்றிக் கட்டியிருந்தது. அதையும் மீறி ஆவி புஸ்ஸென்று சீறியது. துணி வெந்து, சாயம் போய்க் கிடந்தது. நேற்று கட்டிய துணி அல்ல.

“கை இதுலதானே வெந்துச்சு?”

“இல்லம்மா. வீட்டுலதான். எங்க வீட்டுக்காரரு...”

“உன் வீட்டுக்காரன் நேத்து வடுகபட்டியில இருந்திருக்கான்.”

பிச்சையம்மாள் துடுப்பை நிறுத்தவில்லை. “அப்ப நானேதான் ஊத்திக்கிட்டேம்மா.”

கூடத்தில் எல்லார் கண்ணும் பச்சைப் பலகைக்குப் போய்த் திரும்பின.

சுந்தரிக்குக் காது சூடாகியது. குக்கரைக் காப்பாற்ற ஒருத்தன் செய்யாத பாவத்தை ஏற்றுக்கொண்டு போயிருக்கிறான். வாயார வைது அனுப்பியதும் அவளேதான். பலகையைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். என்ன ஆனாலும் குக்கர் உண்டு என்றாள். இந்தக் குழாய் எத்தனை நாளாக ஒழுகுகிறது என்று கேட்டாள்.

அடுத்த கொப்பரையில் கிண்டிக்கொண்டிருந்த சுகன்யா ஸ்வெட்டர் கையை மெல்ல விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து வடிவும்.

திங்கள்தோறும் நகம் பார்த்திருக்கிறாள் சுந்தரி. நகத்துக்கு மேலே பார்த்ததில்லை.

“ஸ்வெட்டர் கையை மேல ஏத்துங்க, பாப்போம்.”

ஒருத்தியும் அசையவில்லை. ஆவி மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் ஏத்துங்கம்மா,” என்றாள் மறுபடியும்.