விழுந்தால் தாங்குமா?

சிங்கப்பூரின் பிடோக் வட்டாரச் சைக்கிள் கடைக்கு ஹெல்மெட் கேட்டு யாரும் வராத 1986ஆம் ஆண்டு. கேட்டு வந்த உர்சுலாவைக் கடைக்காரர் பரமசிவம் வியப்போடு பார்த்தார்.

"அண்ணே, விழுந்தா இது நெசமாவே காப்பாத்துமா?"

பொய் சொல்லி விற்கத் தெரியாதவர் அவர். "தலையில அடி குறையும்மா. கார் இடிச்சா உத்தரவாதம் இல்ல லா."

"நின்ன இடத்துலயே விழுந்தா?"

"அதுக்கு நல்லாவே தாங்கும். பிள்ளை ஓட்டப் பழகுதா? சைக்கிளைக் கொண்டாங்க, பிரேக் பார்த்துத் தரேன்."

"சைக்கிளே இல்லண்ணே." உர்சுலாவின் குரல் இறங்கியது. "அப்பாவுக்கு வலிப்பு. எங்க விழுவோமோன்னு பயந்து, ரெண்டு வருஷமா ஃபிளாட்டை விட்டு இறங்கல. சனிக்கிழமை சர்ச்சுல எனக்குக் கல்யாணம். அவர்தான் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்."

பரமசிவம் கடையை இழுத்துச் சாத்தினார். "வாரைச் சரியா இறுக்கினாத்தான் காப்பாத்தும். வாங்கம்மா, நானே வந்து மாட்டி விடறேன்."

சனிக்கிழமை அப்பா பீடம் வரை நடந்தார். படம் எடுக்க வந்தவர் அப்பாவின் தலையைக் காட்டி, "அதை மட்டும் கழட்டிடலாமே" என்றார்.

உர்சுலா அப்பாவின் கையை இறுக்கிக்கொண்டாள்.

"இருக்கட்டும்ணே. எங்கப்பா இப்படியே அழகுதான்."