ஈரக்கைகள்

கேனைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாள் இதலினா. கடைசிச் சொட்டும் விழுந்தது. ஊற்றடிக் கல்தொட்டியின் அடிதான் நனைந்தது.

கீழே கோயிலில் வெடி போட்டார்கள். சப்பரம் புறப்பட்டாகிவிட்டது.

ஆகஸ்ட் திருவிழாவில் புனித எவுலாலியாவின் பாதத்தை இந்த ஊற்றுநீரில் நனைத்துத்தான் கோயிலுக்குத் திரும்பக் கொண்டுபோவார்கள். பாதம் நனையாமல் புனிதை திரும்பியதே இல்லை. இன்று ஊற்றுக்குழாயின் வாயில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

சரிவு முழுக்கத் தைலமரம். எல்லா வீட்டுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் முதலில் நட்டவன் அவள் புருஷன் பெலிஸ்பெர்த்து. மரம் ஊற்றைக் குடித்துவிடும் என்று ஊரே தடுத்தபோது இதே தொட்டியில் கைவைத்துக் கத்தினான்.

“இந்த ஊத்து வத்திச்சுன்னா என் கல்லறை மேல வந்து துப்புங்கடா!”

வாய்க்கொழுப்புப் பிடித்த மனுஷன். போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். துப்பினால் துடைக்க அவள்தான் மிச்சம்.

கேனில் அவள் கொண்டுவந்தது தீயணைப்பு வண்டி வீட்டுக்கு வீடு ஊற்றிவிட்டுப் போன தண்ணீர். பசு செரேஜாவுக்குக்கூட வைக்காமல் தூக்கி வந்திருந்தாள். செரேஜா மேய, சரிவுக்கு மேலே ஒரு சதுப்பு இருக்கிறது. மரம் வைக்காமல் விட்ட ஒரே இடம். குளம்பு பதிந்த குழிகளில் இன்னும் கொஞ்சம் நீர் கசிகிறது. அதை நக்கித்தான் அந்தப் பசு உயிரோடிருக்கிறது.

இன்னொரு கேன் கொண்டுவர நேரமில்லை. உதிர்ந்த பட்டைகள் காலடியில் நொறுங்க மரங்களுக்குள் ஓடினாள். சுற்றுப்பாதையில் இறங்கி ஊர்வலத்தின் வாலில் சேர்ந்துகொண்டாள். சற்று நேரத்தில் அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள்.

தாயே, பாதம் நனைந்த மாதிரி இருந்துவிடு என்று வழியெல்லாம் கெஞ்சினாள்.

ஊற்றடிக்கு வந்தபோது தொட்டி தளும்பிக்கொண்டிருந்தது.

குழாயின் வாயில் யாரோ பூச்செண்டைச் செருகி மறைத்திருந்தார்கள். போர்ட்டோ நகரத்திலிருந்து திருவிழாவுக்கு வந்தவர்கள் படம் பிடித்தார்கள். பெண்கள் அழுதார்கள். புனிதையின் பாதம் நனைந்தது.

இதலினா ஒரு கை அள்ளிக் குடித்தாள். குளோரின் நாற்றம், தீயணைப்பு வண்டித் தண்ணீரின் அதே நாற்றம்.

நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்து வீட்டு அபிலியுவின் கால்சட்டை முழங்கால்வரை ஈரம். கோயில்பிள்ளையின் மனைவி சுல்மிராவின் இரண்டு சட்டைக்கைகளும் ஈரம். யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

ஊராட்சித் தலைவர் ஆர்மிந்து மட்டும் காய்ந்த சட்டையோடு தொட்டிமேல் ஏறினார்.

“மரம் ஊத்தைக் குடிக்குதுன்னு சொன்னவன் எவன்யா? வந்து பாருங்கய்யா இப்ப! முதல் மழை விழட்டும், மேல இருக்கிற சதுப்புலயும் நட்டுடுவோம். சம்மதம்னா கையைத் தூக்குங்க!”

இதலினா தொட்டியைப் பார்த்தாள். ஊற்று வற்றிவிட்டது என்று சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை போதும், சதுப்பு பிழைக்கும். ஆனால் சொன்ன மறுநிமிடம் பெலிஸ்பெர்த்துவின் கல்லறையில் துப்ப ஊரே நடக்கும். ஊற்றியதை ஒப்புக்கொள்ள இங்கே வேறு யாரும் வாய் திறக்கப்போவதும் இல்லை.

மேலே சதுப்பிலிருந்து செரேஜா கத்தியது.

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. ஈரக்கைகள்தான் முதலில் உயர்ந்தன.

இதலினாவும் தூக்கினாள். உள்ளங்கையில் மிச்சமிருந்த நீர் முழங்கைவரை வழிந்தது.