சவ்வுக்குள் ஒரு கத்தரி

பத்து மணி வெயில் சன்னல் கம்பி வழியே அருள்பிரகாசத்தின் மடியில் விழுகிறது. முப்பது வருடம் காரைக்குடிப் பள்ளி அசெம்பிளியில் பிள்ளைகளின் நகம் பார்த்துப் பிரம்பை வீசிய தலைமையாசிரியர், இன்று தன் இரண்டு கைகளையும் கவிழ்த்து நீட்டுகிறார். மருமகள் வின்சி நகம் வெட்டுகிறாள். எட்டு வருடம் முன்பு அவளுக்கு வந்த ஆராய்ச்சிப் படிப்பு அனுமதிக் கடிதத்தை அவர் நறுக்கிப் போட்டதும் இதே கத்தரிக்கோலால்தான். பக்கத்தில், கல்லூரி நூலகத்தில் எடுத்த, மறதி நோய் பற்றிய 1999 கட்டுரையின் ஜெராக்ஸ் ஃபேன் காற்றில் படபடக்கிறது. "கேளுங்க மாமா. உங்க மூளைச் செல்லோட சவ்வுல ஒரு புரதம் குத்தி நிக்கிது. ஒரு நொதி அதை வெளிய வச்சு வெட்டுது. அப்புறம், பல புரதம் கூட்டாச் சேந்த இன்னொரு கத்தரி சவ்வுக்குள்ளயே இருந்து வெட்டுது. ரெண்டு வெட்டுக்கும் நடுவுல விழுற துண்டு கரையாம கட்டி கட்டியாத் தங்கிருது. அதான் மறக்குறீக." அந்த முகம் பயத்தில் சுருங்குவதைப் பார்க்க அவள் காத்திருக்கிறாள். அது மலர்கிறது. "நல்லாச் சொல்லிக் குடுக்கிறீக டீச்சர். எம் மருமகளும் படிக்கணும்னு நின்னா. லெட்டரை வெட்டிப் போட்டேன்ல!" வின்சி கத்தரியின் வாயைச் சதையோடு ஒட்ட வைக்கிறாள். நல்ல மாணவனைப் போல அவர் கையை அசைக்காமல் நீட்டிக்கொண்டே இருக்கிறார்.