நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

"நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து ராத்திரி தூங்கற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க அண்ணா? ஒண்ணு விடாம சொல்லணும்."

"இன்னா பாப்பா, நேத்து துன்னதுக்கு இன்னிக்கு விசாரணையா?" என்றார் தாமோதரன்.

மணல் குவியலின் ஓரம் உட்கார்ந்திருந்த சித்தாள் செல்வம்மாள், வாயில் இருந்த சோற்றோடு சிரித்தாள்.

பெருங்களத்தூரில் எழும்பிக்கொண்டிருந்த ஏழு மாடிக் குடியிருப்பு அது. மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். பயன்பாட்டு ஊட்டச்சத்தியலில் எம்.எஸ்சி. கடைசி வருஷம் படிக்கும் மஹாலட்சுமி, வழிகாட்டி மேடம் எழுதிக் கொடுத்த இந்த முகவரிக்குக் குடையும் ஃபைலுமாக வந்திருந்தாள். கட்டடத் தொழிலாளிகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. இருபத்தைந்து பேரிடம் நேரில் பேசி, இருபத்தைந்து படிவங்களை நிரப்பி, நாளைக் காலை அந்த மேடத்திடம் கொடுக்க வேண்டும். தவறினால் இந்த வருஷம் பட்டம் கிடையாது. ஒரு மாதம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அந்த மாதம் எங்கே போனது என்று கேட்கும் படிவம் இன்னும் அச்சாகவில்லை.

"காலையில டீ, ரெண்டு பொறை. அப்புறம் நாஷ்டா, நாலு இட்லி. மதியானம் சோறு, மீன் கொயம்பு."

"சோறு எத்தனை கிராம்?"

"தராசு வச்சுகினா பாப்பா துன்றாங்க?"

அவள் பையிலிருந்து பளபளக்கும் அளவுக் கிண்ணம் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதுல எத்தனை இருக்கும்?"

"இதுலயா? எங்க வூட்ல இதுல ஊறுகா வெப்போம்," என்றாள் செல்வம்மாள்.

மஹாலட்சுமி குத்துமதிப்பாக ஏதோ எழுதிக்கொண்டாள்.

"ஆமா, இதைப் படிச்சா இன்னா வேலை குடுப்பாங்க?" என்று கேட்டார் தாமோதரன்.

"நிறைய இருக்கு அண்ணா. ஆஸ்பத்திரியில டயட்டீஷியன் ஆகலாம். எந்த நோயாளிக்கு என்ன சாப்பாடுன்னு நாங்கதான் முடிவு பண்ணுவோம்."

"காய்ச்சக்காரனுக்குக் கஞ்சின்னு சொல்ல அஞ்சு வருசப் படிப்பா! ஷோக்கா கீது. அப்பறம்?"

"பிஸ்கட் கம்பெனியில சேரலாம். பாக்கெட் பின்னாடி எவ்வளவு புரதம், எவ்வளவு கொழுப்புன்னு போட்டிருக்குமே, அதெல்லாம் எங்க வேலைதான்."

"எறும்பு சைசுல கீதே, அதுவா? யாரும் பாக்கக்கூடாதுன்னு போடறதுக்குச் சம்பளமா?"

"எடை குறைக்கற சென்டர்ல வேலை கிடைக்கும். மூணு மாசத்துல பத்து கிலோ இளைக்க வைப்போம்."

"துட்டு கட்டிட்டுப் பட்டினி கெடக்கறாங்களா?" தாமோதரன் செல்வம்மாளைப் பார்த்தார். "எங்க மேஸ்திரிகிட்ட அனுப்பு பாப்பா. ஒரே மாசத்துல எளைக்க வெப்பாரு. கூலியும் குடுப்பாரு."

மஹாலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. செல்போனை எடுத்து மணி பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் பாதி போய்விட்டது. முடிந்தது இவர்கள் இருவரின் படிவங்கள் மட்டுமே. குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, ஒரு ஹெல்ப். இங்க எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதானே சாப்பிடறீங்க?"

"ஏறக்கொறைய ஒரே மாதிரிதான் பசிக்கும்."

"அப்ப மீதி இருபத்துமூணையும் வீட்டுல உக்காந்து நானே எழுதிக்கறேன். எல்லார்கிட்டயும் கைநாட்டு மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க."

"எதுக்கு? அஞ்சு மணிக்கு வேலை முடியும். எல்லாரையும் நானே உக்கார வெக்கறேன். கேட்டே எயுதிக்கோ."

"சாயங்காலம் ஃப்ரெண்டுக்கு பர்த்டே அண்ணா. கேக் வெட்டறப்ப நான் இல்லன்னா கோவிச்சுப்பா."

"உங்க மேடத்துக்குத் தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்? அவங்க என்ன பஸ் பிடிச்சு இங்க வந்து, நேத்து மீன் குழம்பா, மோர்க் குழம்பான்னு உங்ககிட்ட கேக்கப் போறாங்களா?"

"கரீட்டு. இங்க வரமாட்டாங்க," என்றார் தாமோதரன்.

அவள் மைப்பெட்டியைக்கூடக் கொண்டு வந்திருந்தாள். இங்கே எவருக்கும் எழுத்து தெரியாது என்பது, ஒருவரையும் கேட்காமலே அவள் கண்டுபிடித்த முதல் ஆய்வு முடிவு. தாமோதரன் ஒவ்வொருவராகக் கூப்பிட, பத்து நிமிஷத்தில் இருபத்துமூன்று கட்டைவிரல்கள் ஊதாவாகிவிட்டன. அந்த ஆய்வில் சத்து இழந்தது மைப்பெட்டி ஒன்றுதான்.

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணா!" அவள் படிவங்களை ஃபைலில் அடுக்கினாள்.

தாமோதரன் தன்னுடைய படிவத்தை மட்டும் உருவி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தார்.

"குடும்பத்தினர்... படிப்பு... தொழில்..." எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தார். "இந்தக் கட்டம் காலியா கீதே பாப்பா?"

மஹாலட்சுமி ஒரு கணம் விழித்தாள். "அது... அது முக்கியமில்ல அண்ணா. நானே ஏதாவது போட்டுக்கறேன்."

"இதையாவது கேட்டு எயுது," என்று படிவத்தை அவளிடம் நீட்டினார். "ஒரே பொண்ணு, பேரு ரமா. உன் படிப்பேதான் அதுவும் படிச்சுது."

பேனா பாதியில் நின்றது.

"நீ சொன்ன வேலைங்க ஒண்ணும் கெடைக்காம, உங்க காலேஜ்லயே தற்காலிக டீச்சரா கீது. சம்பளம் எப்ப வரும்னு அதுக்கே தெரியாது, அதான் நான் இன்னும் கல்லு தூக்கினு கீறேன்," என்ற தாமோதரன், அவள் கையிலிருந்த ஃபைலை மெல்ல வாங்கிக்கொண்டார். "உனக்கு இந்த எடத்தை எயுதிக் குடுத்த மேடமே அதுதான். நீ போய் கேக் வெட்டு பாப்பா, இதை வூட்ல நானே அதுகிட்ட குடுத்துடறேன்."